பழைய பாணி கேமுக்கு ஐகான் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980, 90களின் கன்சோல் விளையாட்டுகளைப் போன்ற தோற்றத்தில் ஒரு கேம் செய்கிறீர்கள். பாத்திரங்கள் தயார், பின்னணி தயார். உயிர், காசு, சாவி, ஆயுதம், மருந்துக் குப்பி, பொத்தான் என்று திரையின் ஓரங்களில் உட்காரும் குட்டிப் படங்கள்தான் பாக்கி. பொதுவாக இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் அவசரத்தில் ஒப்பேற்றுவார்கள். ஆனால் விளையாடுபவரின் கண் நொடிக்கொரு தரம் போய்வருவது அங்கேதான். பழைய வாடை வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. ஓரக்கண்ணால் பார்த்தாலே புரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையை மனதில் வைத்தவை.

எந்த அளவில் வரைய வேண்டும்? 8×8, 16×16, 32×32?

முதலில் கேமின் அடிப்படைத் திரை அளவை முடிவு செய்யுங்கள். ஐகான் அளவு அதிலிருந்து வரும். பழைய கேம்களின் 8, 16 என்ற எண்கள் யாருடைய ரசனையிலிருந்தும் வந்தவை அல்ல. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் (மற்ற நாடுகளில் என்இஎஸ்) திரை 256×240 பிக்சல். பின்னணியை அந்தக் கருவி 8×8 பிக்சல் டைல்களாகத்தான் அடுக்கும்: குறுக்கே 32, நெடுக்கே 30. ஆகவே ஓர் ஐகான் ஒரு டைலில் அடங்கும், இல்லையென்றால் நான்கு டைல் சேர்ந்து 16×16 ஆகும். 11×13 என்று வரைந்தாலும் அது நான்கு டைல் இடத்தைத்தான் பிடிக்கும்.

இன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பலர் 320×180ஐ அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். நான்கால் பெருக்கினால் 1280×720, ஆறால் பெருக்கினால் 1920×1080, பன்னிரண்டால் பெருக்கினால் 3840×2160, மிச்சமே வராது. இந்தத் திரையில் ஆட்டம் ஓடும்போது தெரியும் எண்ணிக்கைகளுக்கு 8×8 போதும், பொருள் பட்டியலுக்கு 16×16 போதும்.

32×32ஐ நான் பரிந்துரைப்பதில்லை. அவ்வளவு இடம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. குப்பியின் கழுத்தில் நூல் கட்டத் தோன்றும், அப்புறம் லேபிள் ஒட்டத் தோன்றும், ஐகான் ஓவியமாகிவிடும். அடக்கத்தோடும் அந்த அளவில் வரையலாம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது: 1984இல் வந்த முதல் மேக்கிண்டாஷுக்காக சூசன் கேர் வரைந்த ஐகான்கள் 32×32தான், வெறும் கறுப்பு வெள்ளை. கட்டம் போட்ட தாளில் கட்டங்களை நிரப்பித்தான் அவர் அந்த வேலையைத் தொடங்கினார்.

பெரிதாக வரைந்து சுருக்கிக்கொள்ளலாமா?

வேலைக்கு ஆகாது. 256×256இல் வரைந்த சாவியை 16×16 ஆக்கினால், மூலப் படத்தின் 256 பிக்சல்கள் சேர்ந்து ஒரே பிக்சலாகச் சராசரி ஆகும். சாவியின் பல் எங்கே தெரிய வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. பாதி பல், பாதி வெற்றிடம் என்று ஒரு மங்கல் பிக்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த அளவில் ஒவ்வொரு பிக்சலும் உண்டா இல்லையா என்ற முடிவு, அதை எடுக்க வேண்டியது நீங்கள். யோசனைக்காகத் தாளில் பெரிதாகக் கிறுக்கிப் பார்ப்பதில் தவறில்லை.

ஓர் ஐகானைப் பிக்சல் பிக்சலாக விளக்க முடியுமா?

உயிர் காட்டும் இதயத்தை எடுத்துக்கொள்வோம். 8×8 கட்டம் திறந்ததும் எட்டுப் பத்தியையும் நிரப்பத் தோன்றும். ஏழு பத்தி மட்டும் எடுங்கள்.

□■■□■■□
■■■■■■■
■■■■■■■
□■■■■■□
□□■■■□□
□□□■□□□

மொத்தம் 27 பிக்சல், அவ்வளவுதான். அகலம் ஒற்றைப்படையாக இருப்பதால் அடிக்கூர் ஒரே பிக்சலில் முடிகிறது. எட்டு அகலத்தில் வரைந்தால் அது இரண்டு பிக்சலாகி, கீழே நறுக்கிவிட்ட மாதிரி தெரியும். மிச்சமிருக்கும் எட்டாவது பத்தியும் வீணில்லை. இதயங்களை வரிசையாக அடுக்கும்போது அதுவே இடைவெளி. டைலோடு டைல் ஒட்டி வைத்தாலும் ஒன்றோடொன்று முட்டாது.

இப்போது இரண்டாம் வரியில் இரண்டாவது பிக்சலை வெள்ளையாக்குங்கள். பளபளப்பு வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு வெள்ளை வைத்தாலும் தாங்கும். மூன்றாவதும் வைத்தால் பளபளப்பு போய் இதயத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

அரை இதயம் வேண்டுமென்றால் ஒரு சின்னச் சிக்கல்: ஏழில் சரிபாதி கிடையாது. நடுப்பத்தியை நிறைந்த பக்கத்துக்கே கொடுத்து, நான்குக்கு மூன்று என்று பிரித்துவிடுங்கள். யாருக்கும் உறுத்தாது. இழந்த இதயத்தைத் துடைத்து எடுத்துவிடவும் வேண்டாம். அதே வடிவத்தை அடர்ந்த நிறத்தில் விட்டுவைத்தால்தான் மொத்தம் எத்தனை, அதில் போனது எத்தனை என்று ஒரே பார்வையில் தெரியும்.

எத்தனை நிறம் பயன்படுத்தலாம்?

பழைய கருவிகளின் கணக்கு கொஞ்சம் கறாரானது. என்இஎஸ்ஸால் காட்ட முடிந்தது ஏறத்தாழ 54 நிறங்கள். ஒரே நேரத்தில் திரையில் வரக்கூடியவை அதிகபட்சம் 25. பின்னணிக்கு நான்கு பேலட் (நிறத் தொகுப்பு), நகரும் படங்களுக்கு நான்கு பேலட், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், கூடவே எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிறம். பின்னணியில் எந்தப் பேலட் என்பதை 16×16 பரப்புக்கு ஒருமுறைதான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே ஒரே பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 8×8 ஐகான்கள் நிறத்தைப் பகிர்ந்துகொண்டே ஆக வேண்டும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே படம், பேலட்தான் வேறு. 1989இன் கேம் பாயில் இதுவும் இல்லை: 160×144 திரை, நான்கே சாயைகள்.

இதையெல்லாம் இன்று அப்படியே பின்பற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி. 2014இல் வந்த ஷவல் நைட் என்ற கேம் என்இஎஸ் தோற்றத்தைக் கொண்டதுதான், ஆனால் தேவைப்பட்ட இடத்தில் அதன் வரம்புகளை மீறியது. அதைப் பார்த்து யாரும் பழைய பாணி இல்லை என்று சொல்லவில்லை. கருவியின் வரம்பை விடலாம், ஏதாவது ஒரு வரம்பு மட்டும் இருக்கட்டும். மொத்தக் கேமுக்கும் 16 நிறம் என்று வைத்து, ஐகான்களுக்கான நிறங்களையும் அதிலிருந்தே எடுங்கள். ஓர் ஐகானுக்கு விளிம்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என மூன்று போதும். நான்காவது வந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் செய்யாது.

நிழலுக்கு அதே நிறத்தைக் கறுப்பு கலந்து இருட்டாக்குவதைவிட, நீலமோ ஊதாவோ பக்கம் சாய்ப்பது நல்லது. வெளிச்சத்தை மஞ்சள் பக்கம் சாய்க்கலாம். தங்கக் காசுக்கு மஞ்சள், அதன் நிழலுக்குச் செம்பழுப்பு. சாம்பல் கலந்த மஞ்சளை வைத்தால் காசு பாசி பிடித்த மாதிரி இருக்கும்.

கறுப்பு விளிம்பு கட்டாயமா?

ஐகான் எதன் மேல் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. 1986இன் முதல் செல்டா கேமில் மேலே ஒரு கறுப்புப் பட்டை, அதற்குள் இதயங்கள். அங்கே விளிம்பே தேவையில்லை, பட்டையே பின்னணியை வெட்டிவிடுகிறது. சூப்பர் மாரியோவில் பட்டை கிடையாது. எண்களும் காசு ஐகானும் வானத்தின் மேலேயே நிற்கின்றன. வானம் ஒரே நிறம் என்பதால் தப்பித்தது. உங்கள் கேமில் பின்னணி இலையும் கிளையுமாக மாறிக்கொண்டே இருந்தால் ஒரு பிக்சல் விளிம்பு வேண்டும், அல்லது பட்டை வேண்டும்.

விளிம்புக்கும் இடம் போகும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 8×8இல் சுற்றி ஒரு பிக்சல் விளிம்பு போட்டால் உள்ளே 6×6தான் மிஞ்சும். மேலே வரைந்த இதயம் அதில் நுழையாது. அதனால் 8×8 ஐகான்களுக்குப் பட்டை, 16×16க்கு விளிம்பு என்று பிரித்துக்கொள்வது எளிது. பட்டியலில் தேர்ந்தெடுத்த பொருளைக் காட்ட விளிம்பை மட்டும் வெள்ளையாக்கலாம் என்பது கூடுதல் வசதி.

வாள், சாவி, மந்திரக்கோல் மூன்றும் ஒரே மாதிரி தெரிகின்றன. என்ன செய்வது?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி. மூன்றும் நீளக் குச்சிகள், குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லா ஐகான்களையும் ஒரே தாளில் வைத்து, நிறத்தை நீக்கி முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். புறவடிவத்தை மட்டும் வைத்து எது எது என்று சொல்ல முடியவில்லையென்றால், உள்ளே எவ்வளவு நகாசு வேலை செய்தாலும் பயனில்லை.

தீர்வு, உண்மையான அளவுகளை மறந்துவிடுவது. நிஜச் சாவியில் பல் சின்னது. ஐகானில் தலை வளையம் பாதி இடத்தைப் பிடிக்கட்டும், வளையத்தின் நடுவே குறைந்தது 2×2 ஓட்டை தெரியட்டும், பல் இரண்டும் இரண்டு பிக்சல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கட்டும், தண்டு குட்டையாகட்டும். வாளுக்குக் கைப்பிடிக் குறுக்கை அகலமாக்குங்கள். மந்திரக்கோலுக்கு உச்சியில் ஒரு குண்டு போதும்.

வாளைச் சாய்த்து வரையும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. சதுரத்தில் மிக நீளமான கோடு மூலைவிட்டம்தான். மேலும் 45 பாகைக் கோட்டில் ஒவ்வொரு படியும் ஒரே அளவு, பல்பல்லாகத் தெரியாது. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவும் சுத்தமாக வரும். இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிகள் தாறுமாறாகப் போனால்தான் கோடு உடைந்தது போல இருக்கும். ஆனால் ஒன்று: பட்டியலில் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டால் மறுபடி எல்லாம் ஒரே வடிவம்தான். வாள் சாய்ந்திருந்தால் சாவியை நிமிர்த்தி வையுங்கள்.

குப்பிகளை நிறம் மாற்றி வைத்தால் போதாதா?

சிவப்பு உயிருக்கு, பச்சை விஷ முறிவுக்கு, நீலம் மந்திர சக்திக்கு. பழைய கேம்களில் பேலட்டை மாற்றியே பொருள்களைப் பெருக்கினார்கள், நினைவகம் அவ்வளவுதான் இருந்தது. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் குறை உண்டு. மற்ற மக்களிடையே விகிதம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. ஒன்றை உருண்டைக் குப்பியாக, ஒன்றை முக்கோணமாக, ஒன்றை ஒல்லியாக உயரமாக வரையுங்கள். நிறமும் இருக்கட்டும், வடிவமும் இருக்கட்டும். பார்வைக் குறை இல்லாதவர்களுக்கும் அவசரத்தில் வடிவம்தான் கைகொடுக்கும்.

புள்ளிக்கோலமாக நிறம் கலக்கும் டிதரிங்கை ஐகானில் பயன்படுத்தலாமா?

பெரிய பரப்புகளில் சரி, ஐகானில் வேண்டாம். அந்தக் காலத்துப் படக்குழாய்த் தொலைக்காட்சி, அதுவும் காம்போசிட் கேபிள் வழியாக, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கொஞ்சம் கலந்துதான் காட்டும். 1991இன் சோனிக் கேமில் அருவியை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு போட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் அது ஊடுருவித் தெரியும் தண்ணீராக ஆனது. இன்றைய திரையில் ஒவ்வொரு பிக்சலும் கத்தி மாதிரி நிற்கும், 16×16க்குள் டிதரிங் வெறும் அழுக்காகத் தெரியும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வெளிச்சமாக்கிக்கொண்டே போவதைத் தலையணை ஷேடிங் என்று கேலியாகச் சொல்வார்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாததால் வரும் கோளாறு அது. மேல் இடதுபுறம் என்று ஒருமுறை தீர்மானித்து, எல்லா ஐகானுக்கும் அதையே வையுங்கள்.

வரைந்தபோது நன்றாக இருந்தது, கேமுக்குள் போனதும் மங்கலாகிவிட்டது. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் படத்தில் குறையே இருக்காது, அமைப்புகளில்தான் இருக்கும். முதலில் டெக்ஸ்சர் ஃபில்டர், அதாவது படத்தைப் பெரிதாக்கும்போது பிக்சல்களைக் கலக்கலாமா என்ற அமைப்பு. கேம் செய்யும் மென்பொருள் கோடோ (Godot) என்றால் நியரஸ்ட், யூனிட்டி (Unity) என்றால் ஃபில்டர் மோடில் பாயிண்ட். யூனிட்டியில் கம்ப்ரஷனையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிறங்கள் கெடும். கோப்பு பிஎன்ஜியாகவே இருக்கட்டும். ஜேபெக் விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படியவிடும்.

அடுத்தது பெருக்கம். எப்போதும் முழு எண்ணால்தான் பெருக்க வேண்டும். 240 உயரத் திரையை 1080க்கு நீட்டினால் நாலரை மடங்கு. சில பிக்சல் வரிசை நான்காகவும் சில ஐந்தாகவும் வரும், இதயத்தின் இரு தோள்களும் வேறு வேறு பருமனாகிவிடும். நான்கு மடங்கில் நிறுத்தி ஓரத்தில் கறுப்பை விடுவதே மேல். ஐகானின் இடம் 10.5 என்று பாதிப் பிக்சலில் நின்றாலும் இதே தொல்லை வரும்.

ஐகான் ஓரத்தில் பக்கத்து ஐகானின் கோடு ஒட்டிக்கொண்டு தெரிகிறதென்றால், எல்லா ஐகான்களையும் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்புப் படத்தில் ஐகான்களுக்கு நடுவே ஒன்றிரண்டு பிக்சல் இடைவெளி விடுங்கள். கடைசியாக, பாத்திரம் நான்கு மடங்கிலும் ஐகான் இரண்டு மடங்கிலும் இருக்கக் கூடாது. ஒரே திரையில் இரண்டு பருமனில் பிக்சல்கள் தெரிந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் எங்கோ ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும்.

ஐகானை அசைய வைக்கலாமா?

அளவோடு. காசு சுழல நான்கு படம் போதும். அதைவிடச் சிக்கனமான வழி, படத்தை மாற்றாமல் பேலட்டை மட்டும் மாற்றுவது. சூப்பர் மாரியோவின் மேல் வரிசைக் காசு மினுங்குவது அப்படித்தான். அந்தக் காசுக்கு இன்னொரு இரகசிய வேலையும் இருந்தது. கீழே ஆட்டக்களம் நகர, மேலே புள்ளி வரிசை நகராமல் நிற்க வேண்டும். ஆனால் அந்தக் கருவி பின்னணி முழுவதையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். அதனால் காசின் அடிப்பகுதியில் ஒரு ஸ்ப்ரைட்டை (பின்னணிக்கு மேல் தனியாக வைக்கும் குட்டிப் படம்) ஒளித்துவைத்து, திரையை வரைந்துகொண்டே வரும் சிப் அந்த இடத்தைத் தொட்டதும் கிடைக்கும் குறிப்பை வைத்து, அங்கிருந்து கீழே மட்டும் நகர்வை மாற்றினார்கள். கேட்ட கேள்விக்குத் தேவையில்லாத கதைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உயிர் குறையும்போது இதயத்தைச் சிமிட்ட வைப்பது நல்ல எச்சரிக்கை. ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட வேண்டாம். வேகமான மின்னல் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

கன்ட்ரோலர் பொத்தான் ஐகான்களுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

‘ஏ பொத்தானை அழுத்து’ என்று மட்டும் வைத்தால் பாதிப் பேர் தப்பாக அழுத்துவார்கள். நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே. பிளேஸ்டேஷனில் நீண்ட காலம் ஜப்பானில் வட்டம்தான் ‘சரி’, மற்ற பல இடங்களில் பெருக்கல் குறி. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல்தான் ஜப்பானிலும் பெருக்கல் குறிக்கு மாற்றினார்கள். ஆகவே கருவிக்கொரு தொகுப்பு வேண்டும், எது இணைக்கப்பட்டிருக்கிறதோ அது தெரிய வேண்டும். இன்னொரு வழி: நான்கு புள்ளிகளைச் சிலுவை வடிவில் வரைந்து, அழுத்த வேண்டியதை மட்டும் நிரப்பிக் காட்டலாம். எழுத்தே வேண்டாம், 8×8இலும் அடங்கிவிடும்.

ஐகான் பக்கத்தில் தமிழ் எழுத்து வைக்க முடியுமா?

முடியும், ஆனால் 8×8இல் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து 5×7க்குள் அடங்கிவிடும். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே கொக்கியும் சுழியும் வரும். ண, ன இரண்டையும் எட்டு பிக்சல் அகலத்தில் பிரித்துக் காட்டுவதே பெரும்பாடு. வரி உயரத்தை 16ஆக வைத்து, ஐகானையும் 16×16 ஆக்கிவிட்டால் இரண்டும் ஒட்டிப்போகும்.

எந்த மென்பொருள்?

ஏஸ்பிரைட் பரவலாகப் பயன்படுகிறது, பேலட்டைப் பூட்டி வைத்து வரைய வசதியானது. பணம் செலவழிக்க வேண்டாமென்றால் லிப்ரஸ்பிரைட், அல்லது பிரவுசரிலேயே ஓடும் பிஸ்கல். எதில் வரைந்தாலும் 100 விழுக்காட்டு அளவில் ஒரு முன்னோட்டச் சாளரத்தைத் திறந்தே வைத்திருங்கள். 1600 விழுக்காட்டில் அழகாகத் தெரிவதை யாரும் பார்க்கப்போவதில்லை.

சேமிக்க ஃப்ளாப்பி, உயிருக்குச் செஞ்சிலுவை: இவற்றை வைக்கலாமா?

ஃப்ளாப்பி வைக்கலாம். அந்தத் தகட்டைக் கையில் தொடாதவர்களுக்கும் அதன் பொருள் தெரியும், பழைய பாணிக்கும் பொருத்தம்.

வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கூட்டல் குறியை வைக்கவே கூடாது. அது பொதுவான மருத்துவக் குறி இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் பாதுகாக்கும் அடையாளம் அது, அனுமதியில்லாமல் மற்றவர்கள் பயன்படுத்தத் தடை உண்டு. பிரிசன் ஆர்க்கிடெக்ட் என்ற கேமில் ஆம்புலன்ஸ் மேல் சில பிக்சல் அகலத்துக்கு இருந்த சிவப்புக் குறியையே பிரிட்டன் செஞ்சிலுவைச் சங்கம் கவனித்துத் தகவல் அனுப்பியது. தயாரிப்பாளர்கள் அதைப் பச்சையாக்கினார்கள். நீங்களும் பச்சைப் பின்னணியில் வெள்ளைக் கூட்டல் குறியை வையுங்கள், அல்லது ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் இதயத்தையே போட்டுவிடுங்கள்.